மூசை மண்

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரின் பெயரை ‘இரும்பு உலை ஊர்’ எனப் பிரித்துப் பொருள்காண விழைவாருக்கு ஒலி இடந்தரவில்லை. அங்ஙனமாயின் ‘இரும்புலையூர்’ என்றன்றோ நின்றிருத்தல் வேண்டும்! ‘உளி’ எனக் கொள்ளின் ளகரம் வேண்டும். தொண்டைமண்டலத்து 24 கோட்டங்களுள் புலியூர்க்கோட்டமும் ஒன்றாதலின், பெருமைப்பொருள் தரும் ‘இரும்’ என்னும் அடை புலியூரொடு புணர்ந்தது என்பதே எம் கருத்து. பண்டை உலைத்தொழிலை ஆராய்வார் ஊர்ப்பெயரை விடுத்து மண்ணை நோக்குதல் நன்று.

இரும்பை உருக்குதலினும் அரிது, அவ்வெம்மையில் தான் உருகாது நிற்கும் கலத்தை வனைதல். தமிழகத்து எஃகைப் புகழ்வார் பலர். அதனை ஈன்ற மூசையைப் பேசுவார் சிலரே. 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத் என்பார் சேலம் பகுதியின் தொழின்முறையை எழுதிவைத்துள்ளார். ஏறத்தாழ ஓர் இராத்தல் இரும்பு, அதன் எடையிற் பத்திலொரு பங்கு உலர்ந்த ஆவிரைக் கட்டை, மேலே எருக்கிலை ஒன்றிரண்டு. இவற்றை இட்டு மூசையின் வாயை மண்ணால் அடைப்பர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓருலையில் அடுக்கி இரண்டரை மணிநேரம் துருத்தி ஊதுவர். மூசை மண்ணிலோ கருக்கிய நெல்லுமி மிகுதியாகக் கலக்கப்பெற்றது.

உமி ஏன்? உமியிற் சிலிக்கா மிகுதி. கருகியபின் கரியும் எஞ்சும். தெலங்கானத்துக் கோனசமுத்திர மூசையோடுகளை ஆய்ந்த தெல்மா லோ என்பார், அவற்றுள் உமியின் எச்சத்தோடு முல்லைட்டு என்னும் கனிமமும் உண்டெனக் கண்டார். இற்றை ஆலைச் சூளைகளுக்குரிய உயர் அலுமினாச் செங்கல்லுக்கு வலிமை தருவதும் அம்முல்லைட்டே. 1924இல் ஸ்காத்லாந்தின் மல் தீவால் பெயர்பெற்ற அது, ஏறத்தாழ நூற்றுக்கு 72 பங்கு அலுமினா உடையது. 1,800° செண்டிகிரேடு வரை நிற்பது.

இதுகொண்டு நம் குயவர் உயர் அலுமினாச் செங்கல்லை அன்றே கண்டனர் என்றல் மிகைக்கூற்றாம். செங்கல் பல்லாண்டு வேகவேண்டுவது. மூசை ஒருமுறை வெந்து உடைபடுவது. மேலும், ஒன்றரை விழுக்காடு கரி ஏறிய எஃகின் உருகுநிலை, தூய இரும்பினதாகிய 1,538°-இனின்று ஏறத்தாழ நூறு பாகை தாழ்ந்துவிடும். அந்த இடைவெளியை அறிந்து பயன்கொண்டதே அவர்தம் திறம்.

நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழ்வுகள் உலைகளைக் காட்டின. தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் எஃகு மூசையோடுகள் கிடைத்தமையைச் சாரதா சீனிவாசன் 1994இல் வெளியிட்டார். புறத்தே கண்ணாடிபோற் கறுத்து, உடைவாயில் உமித்தழும்பு காட்டும் ஓடு கிடைப்பின், களஆய்வு மாணவர் அதனைப் பானையோட்டுக் குவியலிற் சேர்த்து எண்ணாது தனியே பதிதல் வேண்டும்.