டவுன், பேட்டை, நகர்: பெங்களூர் ஊர்ப்பெயர்களில் ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

முன்னுரை

ஊர்ப்பெயர்கள் ஒரு வட்டாரத்தின் ஆட்சி வரலாற்றையும் குடியேற்ற வரலாற்றையும் தம்முள் பொதிந்து வைத்துள்ளன. பெங்களூரின் கிழக்கிலும் வடகிழக்கிலும் பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், மர்பி டவுன் முதலான குடியிருப்புகள் உள்ளன. சிற்றூரினும் பெரியது, மாநகரினும் சிறியது என்பதே ‘டவுன்’ என்னும் சொல்லின் இன்றைய பொதுப்பொருள். ஒரே நகரத்துக்குள் பல ‘டவுன்’கள் அமைந்த காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘தூன்’ என வழங்கியது. வேலியிட்ட இடம், பண்ணை, சிற்றூர் என்பன அதன் பொருள்கள். இதன் இனச்சொற்களுள் ஜெர்மானிய மொழியின் ‘ட்சௌன்’ வேலியையும், டச்சு மொழியின் ‘டௌன்’ தோட்டத்தையும் குறிக்கின்றன. கெல்திய மொழிகளில் கோட்டையைக் குறிக்கும் ‘தூன்’ என்பதும் இதனோடு உறவுடையது. எனவே மக்கள்தொகையோ பரப்போ அன்றி, வளைத்துக் காக்கப்பட்ட எல்லையே இச்சொல்லின் மூலப்பொருள் எனலாம்.

தமிழ்ப் பேச்சு வழக்கில் இச்சொல் வேறொரு பொருள் பெற்றது. ‘டவுனுக்குப் போனார்’ என்னும்போது அது கடைவீதியும் அலுவலகங்களும் உள்ள அண்மை ஊரைச் சுட்டுகிறது. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலைச் சூழ்ந்த பழைய ஊரே ‘டவுன்’ எனப்படுகிறது. பெங்களூரிலோ புதிதாக எழுந்த குடியிருப்புகளே இப்பெயரைப் பெற்றன.

பேட்டையும் வேலியும்

1537 இல் கெம்பெ கவுடர் நிறுவியதாகக் கூறப்படும் பழைய பெங்களூர், ‘பேட்டெ’களால் ஆனது. அக்கிப்பேட்டை அரிசியாலும் பளேப்பேட்டை வளையலாலும் பெயர் பெற்றன. தமிழ்ப் ‘பேட்டை’யும் கன்னடப் ‘பேட்டெ’யும் ஒரே சொல்லின் வடிவங்களாகும். கோட்டையை அடுத்த வணிகக் குடியிருப்பு என்னும் பொருளில் இது ‘பெட்டா’ என ஆங்கிலத்துள் புகுந்தது. 1886 இல் வெளிவந்த ஆப்சன் ஜாப்சன் அகராதி இதனைப் பதிவு செய்துள்ளது. கொழும்பில் ஆங்கிலேயர் ‘பெட்டா’ என்ற பகுதி தமிழில் புறக்கோட்டை எனப்படுவது இப்பொருளை அரண் செய்கிறது.

1791 மார்ச்சு மாதத்தில் காரன்வாலிசின் படை முதலில் பேட்டையையும் பின்னர்க் கோட்டையையும் கைப்பற்றியது. அக்காலத்தில் மதிலும் அகழியும் முள்வேலியும் பேட்டையைச் சூழ்ந்திருந்தன. ‘தூன்’ என்பதன் மூலப்பொருள் முழுமையாகப் பொருந்துவது ஆங்கிலேயர் அமைத்த டவுன்களுக்கன்று. அவர்கள் ‘பெட்டா’ என்று அழைத்த பழைய ஊருக்கே என்பது இதனால் புலனாகிறது.

‘சிட்டி’யும் தண்டும்

1809 அளவில் அமைக்கப்பட்ட படைக்குடியிருப்பு, ‘தண்டு’ என வழங்கியது. சென்னை மாகாணத்திலிருந்து படைவீரர்களாகவும் வணிகர்களாகவும் தொழிலாளர்களாகவும் வந்த தமிழர் பலர் இங்குக் குடியேறினர். 1862 இல் பழைய ஊருக்கும் தண்டுக்கும் தனித்தனி நகராட்சிகள் ஏற்பட்டன. 1881 இல் மைசூர் ஆட்சி உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னும், 1947 வரை தண்டு ஆங்கிலேயர் ஆளுகையிலேயே நீடித்தது. ஆகவே பெங்களூரில் ‘சிட்டி’ என்பது மைசூர் அரசின் பழைய ஊரையும், ‘டவுன்’ என்பது தண்டுக்குள் அமைந்த குடியிருப்புகளையும் சுட்டின. இங்கு வேறுபாட்டை வகுத்தது அளவன்று, ஆட்சியே.

1898 இல் பரவிய கொள்ளைநோய் நெரிசலான குடியிருப்புகளின் தீங்கை உணர்த்தியது. அதன் விளைவாகத் தண்டில் 1906 இல் பிரேசர் டவுனுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மைசூரில் ரெசிடென்ட்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு இடப்பட்டது. அல்சூரை அடுத்த நாக்ஸ்பேட்டை, எளிய மக்களுக்கான வீடுகள் கட்டப்பட்டபோது பொறியாளர் மர்பியின் பெயரால் மர்பி டவுன் ஆயிற்று. ‘பேட்டை’ மறைந்து ‘டவுன்’ இடம்பெற்ற இம்மாற்றம் கருதத்தக்கது. பெயரின் இரு கூறுகளும் மாறியபோதும், அங்கு வாழ்ந்த மக்களின் பெயரோ தொழிலோ அதில் இடம்பெறவில்லை.

முடிவுரை

விடுதலைக்குப் பின் பிரேசர் டவுன் சாளுக்கிய மன்னனின் பெயரால் புலிகேசி நகர் ஆயிற்று. எனினும் மக்கள் வழக்கில் பழைய பெயர் மறையவில்லை. பேட்டை தொழிலையும், டவுன் அதிகாரியையும், நகர் மன்னனையும் நினைவூட்டுகின்றன. 1949 இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. ஆட்சி எல்லை நீங்கியது. ஆயினும் மேற்கே பேட்டைகளும் கிழக்கே டவுன்களுமாக அவ்வெல்லை பெயர்களில் எஞ்சியுள்ளது. வேலியைக் குறித்த சொல், வேலி நீங்கிய பின்னும் அதன் தடத்தைக் காத்து நிற்கிறது.