ரோலர் கோஸ்டருக்கு முன்னால் ஒரு சுழல் நாற்காலி

அமெரிக்காவின் மினசோட்டாவில் 'மால் ஆஃப் அமெரிக்கா' வளாகத்துக்குள்ளேயே ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கு. 2004-ல் அங்கே ஒரு ரோலர் கோஸ்டர் வந்தது. தண்டவாளத்தில் ஓடும்போதே ஒவ்வொரு பெட்டியும் தனியாகச் சுத்தும். எடை எந்தப் பக்கம் சாயுதோ, அதுக்கேத்த மாதிரி சுத்து மாறும். சித்திரைப் பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறின மதுரைக்காரங்களுக்கு இறங்கினதும் வர்ற கிறுகிறுப்பு தெரியும்தானே?

இதே கிறுகிறுப்பை ஒரு காலத்தில் மருந்தா கொடுத்தாங்க! 1804-ல் இங்கிலாந்து மருத்துவர் ஜோசப் மேசன் காக்ஸ், மனநோயாளிகளை நாற்காலியில் கட்டிச் சுத்தும் முறையைப் புத்தகமாகவே எழுதினார். அயர்லாந்தின் கார்க் நகரில் ஹல்லரன் செய்த கருவி நிமிஷத்துக்கு 100 சுற்று வரை போகும். வாந்தி எடுத்து, துவண்டு, நோயாளி அடங்கிட்டா குணமாம். இதைச் சிகிச்சைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

தலைசுற்றல் மூளையில் ரத்தம் தேங்குறதால வருதுன்னு நம்பி ரத்தத்தையும் வடிச்சாங்க. 1861-ல் பாரிஸில் ப்ராஸ்பர் மெனியேர்தான், கோளாறு உள்காதிலும் இருக்கலாம்னு சொன்னார்.

அடுத்து வியன்னாவின் ராபர்ட் பாரனி. காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது ஒரு நோயாளி, "தண்ணி சூடா இல்லேன்னாதான் டாக்டர் தலை சுத்துது"ங்கிற மாதிரி சொல்லியிருக்கார். பாரனி சூடான தண்ணீரை விட்டுப் பார்த்தார். கண்ணின் ஆட்டம் எதிர்த் திசையில் திரும்பியது! உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் சூட்டுக்கும் குளிருக்கும் நகருதுன்னு புரிஞ்சுகிட்டார். சுழல் நாற்காலியும் அவர் கையில் காதுப் பரிசோதனைக் கருவியானது: 20 நொடியில் 10 சுற்று, பிறகு கண்ணைப் பார்க்கணும். 1914-க்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டப்போ அவர் ரஷ்யாவில் போர்க் கைதி.

ராட்டினம் நின்ன பிறகும் அந்தத் திரவம் கொஞ்ச நேரம் ஓடும். கண் "நின்னாச்சு"ங்குது, காது "இன்னும் சுத்துது"ங்குது. குமட்டல் அங்கேதான்.

திருநகர் பக்கம் இன்னமும் "பித்தம் டாக்டர்"னு சொல்லி வருஷக்கணக்கா மாத்திரை போடுறவங்க உண்டு. படுத்துப் புரளும்போது மட்டும் சில நொடி வீடே சுத்தினா, காதுக்குள் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கலாம். 1992-ல் ஜான் எப்லி வெளியிட்ட முறைப்படி தலையை வரிசையாத் திருப்பினாலே பலருக்குச் சரியாகிடும். காது மூக்கு தொண்டை மருத்துவர்கிட்ட காட்டுங்க. அதுவரை ராட்டினம் வேண்டாம். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம் கூட வந்தா, உடனே ஆஸ்பத்திரி.