தடியும் இறைச்சித் துண்டும்: நாய் பழக்கிய கதை

என் தந்தையார் நாய் பழக்குவதில் ஊரில் பெயரெடுத்தவர். கோண்டாவிலில் எங்கள் வளவில் நின்ற வீரன் என்ற நாய், அவர் "இரு" என்றால் இருக்கும். "எழும்பு" என்று சொல்லும்வரை அசையாது. அதற்கு அவர் கையாண்ட கருவி ஒன்றே ஒன்றுதான்: வேலியில் முறித்த பூவரசந்தடி. எந்த நூலையும் வாசித்து அவர் அம்முறையைக் கற்றவரல்லர். ஆனால் மேலைநாட்டு நூல்களும் நெடுங்காலம் ஏறக்குறைய அதையே போதித்தன என்பதைப் பின்னாளில் அறிந்து வியந்தேன்.

நாய் பழக்குதலை ஒரு முறையான துறையாக எழுதிவைத்தவர்களுள் முதன்மையானவர் கொன்ராட் மோஸ்ட். ஜேர்மனியின் சார்புறூக்கன் நகரில் பொலிஸ் அதிகாரியாக இருந்த அவர், 1906 இல் பொலிஸ் நாய்களைப் பழக்கத் தொடங்கி 1910 இல் தமது நூலை வெளியிட்டார். நாய்க்கு மனிதனைப்போல் நன்மை தீமை விளங்கும் என்று எண்ணுவது தவறு. ஒரு செயலைச் செய்த கணத்திலே கிடைக்கும் இன்பமோ துன்பமோதான் அதற்குப் பாடம் என்பது அவரது அடிப்படைக் கருத்து. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் இதையொத்த கொள்கையை ஆய்வுகூடத்தில் நிறுவி நூலாக்கியது 1938 இல். மோஸ்ட் 28 ஆண்டுகள் முந்திவிட்டார். ஆயினும் அவர் கையில் இறைச்சித் துண்டோடு பிரம்பும் இருந்தது. நாயின் கழுத்தில் முட்பட்டி இருந்தது. அவர் பழக்கியது பொலிஸுக்கும் போர்க்களத்துக்கும். வீட்டு வாசலில் படுக்கும் நாய்க்கும் அதே முறை எவ்வாறு வந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

வீட்டு நாய்க்கான கீழ்ப்படிவுப் போட்டியைத் தொடக்கியவர் ஒரு பெண்மணி. ஹெலன் வைற்ஹவுஸ் வோக்கர் என்ற அவர் பூடில் இன நாய்களை வளர்த்தவர். "அழகுக்கு வளர்க்கும் நாய், மூளையில்லாதது" என்ற ஏளனத்தைப் பொறுக்கமாட்டாமல், 1933 ஒக்டோபரில் நியூயோர்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் ஒரு போட்டி நடத்தினார். கலந்துகொண்டவை எட்டே நாய்கள். 1936 இல் அமெரிக்க நாய்க் கழகம் அப்போட்டியை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு அவரும் பிளான்ச் சோண்டர்ஸ் என்ற பழக்குநரும் காரின் பின்னே இழுவை வண்டியைப் பூட்டி, மூன்று பூடில்களுடன் சுமார் 10,000 மைல் சுற்றி ஊர் ஊராகச் செய்துகாட்டினர். ஏளனத்துக்குப் பதில் சொல்வதற்கு இத்தனை பெட்ரோல் எரித்தவர் வேறெவரும் இருப்பாரோ தெரியாது.

இரண்டாம் உலகப் போரின்பின் இராணுவ நாய்களைப் பழக்கியோர் வீட்டு நாய்களிடம் திரும்பினர். அவர்களுள் புகழ்பெற்றவர் வில்லியம் கோலர். 1962 இல் வெளிவந்த அவரது நூல் பெருந்தொகையாக விற்றது. நிலத்தைத் தோண்டும் நாயைத் திருத்த, அது தோண்டிய குழியிலே நீர் நிரப்பி அதன் தலையை அமிழ்த்துமாறு அந்நூல் கூறியது. என் தந்தையார்கூட அவ்வளவு தூரம் போனதில்லை.

கடுமைக்கு விஞ்ஞானமும் துணைவந்தது. 1947 இல் ருடோல்ஃப் ஷெங்கல் என்பவர், சுவிற்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிச்சாலை ஓநாய்களைக் கவனித்து எழுதினார். அடைபட்ட இடத்தில் அவை ஆதிக்கத்துக்காக மோதின. அதிலிருந்து, கூட்டத்தின் தலைமை ஓநாய் மற்றவற்றை அடக்கியே ஆளுகிறது, ஆகவே நாயின் எசமானும் அடக்கவேண்டும் என்ற முடிவு பரவியது. இக்கருத்தை 1970 இல் தமது நூலால் பரப்பிய டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளரே பின்னர் அதை மறுத்தார். 1986 முதல் கோடைதோறும் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை அருகிலிருந்து பார்த்த அவர், ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் பிள்ளைகளும்தான் என்று 1999 இல் எழுதினார். தாம் சொன்னது பிழை என்று அச்சில் ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது பத்திரிகைக்காரனுக்குத் தெரியும்.

மறுபுறம், ஸ்கின்னரின் மாணவர்களான பிரெலண்ட் தம்பதியர் 1940களிலேயே அடியின்றி விலங்குகளைப் பழக்கிக் காட்டினர். டொல்பின்களைப் பழக்கிய கரன் பிரையர் 1984 இல் எழுதிய நூல் அம்முறையை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. கடலில் நீந்தும் டொல்பினுக்குக் கழுத்துப்பட்டி போடமுடியாது. அடித்தால் விலகிப் போய்விடும். மீனைக் கொடுத்தே பழக்கவேண்டியிருந்தது. வேறு வழியில்லாமற் பிறந்த பொறுமை அது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கியபோது நாங்களும் இறங்கினோம். வீரன் ஒழுங்கை முகப்புவரை பின்னால் வந்தது. மழை, அத்தனை சனத்துக்குள் நாயை எங்கே கொண்டுபோவது? தந்தையார் திரும்பி "இரு" என்றார். அது படலையடியில் இருந்துவிட்டது. செம்மணி வெளியைக் கடக்கும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. 1996 இல் திரும்பிவந்தபோது வீடு இருந்தது. நாய் இல்லை. அதன்பின் அவர் நாய் வளர்க்கவேயில்லை. "எழும்பு எண்டு சொல்லாமல் வந்திட்டன்" என்று ஒரேயொரு தடவை என்னிடம் சொன்னார்.

இப்போது என் மகள் ஒரு குட்டி கொண்டுவந்திருக்கிறாள். பிஸ்கற்றைச் சிறு துண்டுகளாக உடைத்து வைத்துக்கொண்டு பழக்குகிறாள். முதற்பாடமாக "இரு" என்பதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். "முதலிலை 'வா' எண்டதைப் பழக்கு, பிள்ளை" என்றேன்.