கல்லை வைத்து மண்ணை அளத்தல்: செங்கல்பட்டு–மாமல்லபுரம் கடற்கரையில் ரேடார் செயற்கைக்கோள்

2014 ஜூன் 28 அன்று போரூர் ஏரியை ஒட்டிய மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். பழைய செங்கல்பட்டு மாவட்ட மண் அது. ரேடார் செயற்கைக்கோள் கண்காணித்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று வாதிட இவ்விபத்தைக் காட்டுவது எளிது. ஆனால் அந்த வாதம் நிற்காது.

நிலைத்த எதிரொளிப்புப் புள்ளிகளைக் கொண்டு நகர்வை அளக்கும் முறையை, மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபெரெட்டி, பிராட்டி, ரோக்கா மூவரும் 2000-ஐ ஒட்டி உருவாக்கினர். ஒரே புள்ளி மாறாமல் பல படங்களில் பதிவாகியிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மாதம் ஒரு தளம் ஏறும் கட்டடத்துக்கு அத்தகைய வரலாறே கிடையாது. சென்டினல்-1 செயற்கைக்கோளின் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ.; அடுத்தடுத்த இரு படங்களுக்கு இடையே 1.4 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் கணக்கு குழம்பத் தொடங்கும். நொடியில் நிகழும் சரிவை அது எப்படிப் பிடிக்கும்?

இம்மாவட்டத்தில் ரேடாரின் வேலை கட்டடத்தைவிட நிலத்தில்தான் அதிகம் என்பதே என் வாதம். செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். களிமண் படுகைகளை மேடேற்றி அடுக்ககங்கள் எழுப்பப்படுகின்றன. ஆழப் பைல் அஸ்திவாரத்தில் நிற்கும் கட்டடம் அசையாது; சுற்றியுள்ள தரை இறங்கும். நுழைவுப் படிக்கும் நடைபாதைக்கும் இடையே வாய்பிளக்கும் விரிசலும், தொட்டிக்குப் போகும் குழாய் இணைப்பு விட்டுப்போவதும் குடியிருப்போர் அறிந்தவை. கூரைப் புள்ளிகளை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகவே தெரியும்.

ரேடார் அளவுகள் அனைத்தும் அசையாத ஒரு புள்ளியோடு ஒப்பிட்டே எடுக்கப்படுகின்றன. மாமல்லபுரம் கலங்கரை விளக்கக் குன்றின் கருங்கல் அதற்கு ஏற்றது. (பல்லவச் சிற்பிகள் நம்பிய கல்தான்!) ஆனால் தொலைவு கூடக் கூடக் கடற்காற்றின் ஈரப்பதம் பிழையைக் கூட்டுவதால், செங்கல்பட்டுக் குன்றுகளிலும் இரண்டாவது புள்ளி ஒன்று வேண்டும். கடற்கரைக் கோயிலைப் பொறுத்தவரை, சென்டினலின் 5×20 மீட்டர் பிரிதிறனில் அது சில படக்கூறுகளே; அதன் கல் இணைப்புகளுக்குத் தரைக்கருவிதான் பொருத்தம். சவுக்குத் தோப்புகளில் அலை சிதறிவிடும் சிக்கலை, 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் ரேடார் செயற்கைக்கோளின் 24 செ.மீ. அலை பெருமளவு தணிக்கும்.

2021-இல் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் சரிந்து 98 பேரைப் பலிகொண்ட அடுக்ககம், 1990-களில் ஆண்டுக்கு சுமார் 2 மி.மீ. இறங்கியதை முந்தைய ஆண்டே வெளியான ரேடார் ஆய்வொன்று காட்டியிருந்தது. அதுவே சரிவுக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கூறவில்லை. அந்த நிதானம் சரியானது. பொறியாளர் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்வதோடு ரேடாரின் தகுதி முடிகிறது. ஆனால் அந்தத் தகவல் மக்களிடம் போய்ச் சேர வேண்டுமே! 12 நாளில் இமயமலை நகரமான ஜோஷிமட் 5.4 செ.மீ. இறங்கியதை 2023 ஜனவரியில் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்டது. சில நாட்களில் அறிக்கை இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது.

பணி நிறைவுச் சான்றோடு கட்டடத்தின் மீதான அரசின் கண் பெரும்பாலும் மூடிவிடுகிறது. சென்டினல் படங்களோ 2014 முதல் இலவசம். ஏரிப்படுகையில் எழும் அடுக்ககங்களுக்கு, சான்று தரும்போதே சுற்றுநிலத்தின் நகர்வுப் பதிவையும் இணைத்து, ஆண்டுதோறும் புதுப்பித்து, வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கும் ஒரு படி தர விதிகளில் இடம் செய்யலாம்.