யார் விசாரிப்பது? – ஜப்பான், அமெரிக்கப் பாதுகாப்புப் பேச்சுகளில் குற்ற விசாரணை உரிமை

நேச நாடுகளுக்கிடையே நிகழும் பாதுகாப்புப் பேச்சுகளை ஆராய்வோர் பெரும்பாலும் படைத்தளம், போர்க்கருவி, நிதி ஆகியவற்றையே கணக்கிட்டுக் காட்டுவர். அயல்நாட்டுப் படைவீரன் ஒருவன் தான் தங்கியுள்ள நாட்டில் குற்றம் இழைத்தால் அவனை விசாரிப்பவர் யார் என்னும் வினா அவற்றுள் சிறியதாகத் தோன்றும். எனினும், ஒரு நாட்டின் இறையாண்மை அவ்வினாவிலேதான் சோதனைக்கு உள்ளாகிறது. 1952 முதல் 1960 வரை ஜப்பானும் அமெரிக்காவும் நடத்திய பேச்சுகளில் உடன்பாட்டின் வாசகம் ஒன்றாகவும் அதன் நடைமுறை பிறிதொன்றாகவும் அமைந்தமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

1951 செப்டம்பர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளில் இருநாட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. ஆக்கிரமிப்பு முடிவுறும் முன்னரே அமெரிக்கப் படைகள் தொடர்ந்து தங்க வழி செய்யப்பட்டது. இம்முறையை இந்தியா ஏற்கவில்லை. முழு இறையாண்மை பெற்ற பின்னர் ஜப்பானே தன் பாதுகாப்பை முடிவு செய்தல் வேண்டும் என்பது நேரு அரசின் நிலைப்பாடு. அம்மாநாட்டில் கலந்துகொள்ளாத இந்தியா, 1952 ஜூனில் ஜப்பானுடன் தனியே அமைதி ஒப்பந்தம் செய்துகொண்டது.

படைகள் தங்குவதற்கான விதிகளை வகுத்த நிர்வாக உடன்பாடு 1952 பிப்ரவரி 28 அன்று டோக்கியோவில் கையெழுத்தாயிற்று. அதன் 17ஆம் உறுப்பு, வீரர்கள் மட்டுமன்றிப் படைசார்ந்த குடிமைப் பணியாளரும் குடும்பத்தினரும் செய்யும் குற்றங்களையும் விசாரிக்கும் முழு அதிகாரத்தை அமெரிக்காவிடம் அளித்தது. ஜப்பானியருக்கு இது பழைய புண். 1858ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் அயல்நாட்டுத் தூதரக நீதிமன்றங்களுக்கு வழங்கிய தனியுரிமையை நீக்க மெய்ஜி அரசு பல்லாண்டு போராடி, 1899இல்தான் வெற்றி கண்டது. அவ்வாறு நீக்கப்பட்டது ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்குப் பின் வேறு பெயரில் மீண்டும் வந்தது எனலாம்.

வட அட்லாண்டிக் ஒப்பந்த நாடுகளின் படைநிலை உடன்பாடு நடைமுறைக்கு வந்ததும் ஜப்பானுக்கும் அதே முறை வழங்கப்படும் என்பது முன்னரே தரப்பட்ட வாக்குறுதி. அதன்படி 1953 செப்டம்பர் 29 அன்று 17ஆம் உறுப்பு திருத்தப்பட்டது. பணியின்போது நிகழ்ந்த குற்றங்களிலும் அமெரிக்கருக்குள்ளேயே நிகழ்ந்த குற்றங்களிலும் அமெரிக்காவிற்கும், ஏனையவற்றில் ஜப்பானுக்கும் முதலுரிமை என வரையறுக்கப்பட்டது. வாசகத்தை மட்டும் காண்போர் இதனைச் சமநிலை என்றே கொள்வர். ஆனால், திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள், அக்டோபர் 28 அன்று, கூட்டுக் குழுவின் துணைக்குழுவில் ஜப்பானியத் தரப்பு ஓர் அறிக்கையைப் பதிவு செய்தது. தனக்கு மிக முக்கியமானவை எனக் கருதும் வழக்குகள் தவிர, பிறவற்றில் முதலுரிமையைப் பயன்படுத்தும் எண்ணம் பொதுவாக இல்லை என்பது அதன் சாரம். மக்களுக்கு அறிவிக்கப்படாத அப்பதிவை ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் 2011இல்தான் வெளியிட்டது. பெற்ற உரிமையின் பெரும்பகுதி, பெற்ற மாதத்திலேயே ஓசையின்றிக் கைவிடப்பட்டது!

இம்முறையின் உண்மை இயல்பை ஜிரார்ட் வழக்கு வெளிப்படுத்தியது. 1957 ஜனவரி 30 அன்று குன்மா மாவட்டத்தின் சோமகஹாரா பயிற்சித் தளத்தில், பழைய உலோகமாக விற்பதற்காகத் தோட்டா உறைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணொருவர் கொல்லப்பட்டார். ஆறு குழந்தைகளின் தாய் அவர். ஜிரார்ட் என்னும் வீரன், கையெறிகுண்டு ஏவும் கருவியில் வெற்று உறையை இட்டுச் சுட்டிருந்தான். அவன் பணியிலிருந்தான் எனப் படைத்தலைமை சான்றளித்தது. காவல் பணிக்கும் அச்செயலுக்கும் தொடர்பில்லை என ஜப்பான் மறுத்தது. பல வாரப் பேச்சுக்குப் பின் அமெரிக்கா இசைந்தது. அமெரிக்க வீரனை அயல்நாட்டு நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதா என அங்கே பெருங்கூச்சல் எழுந்தது. கீழமை நீதிமன்றம் ஒன்று ஒப்படைப்பிற்குத் தடையும் விதித்தது. 1957 ஜூலை 11 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. தன் எல்லைக்குள் நிகழும் குற்றத்தைத் தண்டிக்கும் அதிகாரம், தானே விட்டுக்கொடுத்தாலன்றி, அந்தந்த நாட்டிற்கே உரியது என்னும் கோட்பாட்டை அத்தீர்ப்பு உறுதி செய்தது.

நவம்பர் 19 அன்று மாயெபாஷி மாவட்ட நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்து, அதனை நிறுத்திவைத்தது. பின்னாளில் வெளியான ஆவணங்களின்படி, காயம் விளைவித்து மரணத்திற்குக் காரணமாதல் என்பதினும் கடுமையான குற்றத்தைச் சாட்டுவதில்லை என ஜப்பானியத் தரப்பு ஒப்படைப்பிற்கு முன்னரே இரகசியமாக ஒப்புக்கொண்டிருந்தது. எனவே, உச்ச நீதிமன்றம் உரக்கப் போற்றிய இறையாண்மை கூட்டுக் குழுவின் அறையில் ஏற்கெனவே பேரம் பேசப்பட்டிருந்தது. ஜப்பானுக்கு ஒரு விசாரணை மேடை கிடைத்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

1960 ஜனவரி 19 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான புதிய ஒப்பந்தம், உள்நாட்டுக் கலகத்தை அடக்க அமெரிக்கப் படையைப் பயன்படுத்தலாம் என்ற பழைய விதியை நீக்கியது. விசாரணை உரிமையைப் பொறுத்தவரை 1953ஆம் ஆண்டு முறையே புதிய படைநிலை உடன்பாட்டின் 17ஆம் உறுப்பாயிற்று. குற்றம் சாட்டப்படும்வரை, அமெரிக்கப் படையின் பிடியிலுள்ளவரின் காவல் அப்படையிடமே இருக்கும் என்ற விதியும் தொடர்ந்தது. அவ்விதியின் கடுமையை ஒகினாவா மக்களே மிகுதியும் உணர்ந்தனர். 1995 செப்டம்பரில் அங்கே 12 வயதுச் சிறுமி மூன்று படைவீரர்களால் வன்கொடுமைக்கு ஆளானபோது, குற்றப்பத்திரிகை தாக்கலாகும்வரை அவர்கள் ஜப்பானியக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்படவில்லை. மக்கள் எழுச்சிக்குப் பின், அக்டோபர் 25 அன்று கூட்டுக் குழு ஓர் இசைவிற்கு வந்தது. கொலை, வன்புணர்ச்சி வழக்குகளில் முன்கூட்டியே ஒப்படைக்குமாறு ஜப்பான் கேட்டால் அமெரிக்கா பரிவுடன் கருதிப் பார்க்கும் என்பதே அது. அப்பொழுதும் 17ஆம் உறுப்பில் ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை.