ஸ்பாட்டாவின் வீரமும் வீழ்ச்சியும்

கிரேக்க வரலாற்றைக் கற்கத் தொடங்கும் மாணவனின் உள்ளத்தை முதலிற் கவர்வது தெர்மோப்பிலேக் கணவாயில் நிகழ்ந்த போராகும். கி. மு. 480 ஆம் ஆண்டிற் பாரசீகப் பேரரசன் சேர்க்சஸ் பெரும்படையோடு வந்தபோது, ஸ்பாட்டா அரசன் லியோனிடாஸ் தன் முந்நூறு வீரரோடு அவ்விடத்தில் நின்று பொருது உயிர்நீத்தான். பள்ளிப் பருவத்தில் இக்கதையைக் கேட்டு மெய்சிலிர்த்தவருள் யானும் ஒருவன். பின்னர் அந்நகரின் சமுதாய அமைப்பை ஆராயப் புகுந்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. வாழ்நாள் முழுவதும் போர்ப்பயிற்சியே செய்த இவ்வீரர்க்கு உணவு விளைத்தவர் யார்?

ஸ்பாட்டா, பெலோப்பொனீசியத் தீபகற்பத்தின் தென்பாகத்தில், இயுரோட்டாஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்தது. மேற்கே தைகெட்டஸ் மலை. அதற்கப்பால் வளமிக்க மெசீனியா. கி. மு. 8 ஆம், 7 ஆம் நூற்றாண்டுகளில் ஸ்பாட்டர் அந்நாட்டைப் போரில் வென்று, அங்குள்ள மக்களை ஹெலொட்டுகள் என்னும் அடிமைக் குடிகளாக்கினர். தம் சொந்தப் பள்ளத்தாக்கிலும் அத்தகைய குடிகளை அவர்கள் வைத்திருந்தனர். ஹெலொட்டுகள் நிலத்தோடு பிணைக்கப்பட்டு, விளைவிற் பெரும் பங்கை ஆண்டானுக்கு அளந்தனர். சூழவுள்ள ஊர்களில் வாழ்ந்த பெரியோய்க்கர் கைத்தொழில் செய்தனர், போருக்கும் சென்றனர். ஆயினும் ஆட்சியில் அவர்க்குப் பங்கில்லை.

ஆட்சிமுறை வியப்புக்குரியது. ஒரே காலத்தில் இரண்டு அரசர் இருந்தனர். அவர்களோடு அறுபது வயது கடந்த இருபத்தெண்மர் கூடிய முதியோர் அவையும், ஆண்டுதோறுந் தெரிவுசெய்யப்பட்ட எபோர் எனப்படும் ஐந்து மேற்பார்வையாளரும், குடிகளின் பேரவையும் இருந்தன. ஒருவர் அதிகாரத்தை மற்றவர் கட்டுப்படுத்தினர்.

ஏழு வயதில் ஆண்பிள்ளை பெற்றோரைப் பிரிந்து பயிற்சிக் கூட்டத்திற் சேர்ந்தான். பசியையும் குளிரையும் பொறுக்கப் பழகினான். முப்பது வயதுவரை படைவீட்டு வாழ்க்கையே அவனுக்கு விதி. ஒவ்வொரு குடிமகனும் பொது உணவுக் கூடத்துக்குத் தன் பங்கைச் செலுத்தி, ஏனையோருடன் ஒன்றாக உண்ணவேண்டும். பெண்களும் உடற்பயிற்சி செய்தனர், நிலவுரிமையும் பெற்றிருந்தனர். அதென்ஸ் நகரப் பெண்கள் அறியாத நிலை இது.

இத்துணைக் கடும் பயிற்சி எதற்காக? அந்நியப் பகைவர்க்கு அஞ்சி மட்டுமன்று. கி. மு. 479 இற் பிளாட்டீயாப் போருக்குச் சென்ற ஒவ்வொரு ஸ்பாட்டனுடனும் ஏழு ஹெலொட்டுகள் சென்றனர் என்கிறார் எரொதோத்தஸ். ஆள்வோர் சிலர், ஆளப்பட்டோர் பலர். எபோர்கள் பதவியேற்கும் ஆண்டுதோறும் ஹெலொட்டுகள்மீது முறைப்படி போர் அறிவித்தனர் என அரிஸ்டாட்டிலை ஆதாரமாகக் கொண்டு புளூட்டாக் எழுதுகிறார். தம் வயலை உழுதவன்மீதே போர்! போரில் மிகச் சிறந்து விளங்கியவர்கள் முன்வருக, விடுதலை தருவோம் என்று அழைத்து, முன்வந்த ஏறக்குறைய இரண்டாயிரம் ஹெலொட்டுகளை இரகசியமாக ஒழித்த செய்தியைத் துசிடைடீஸ் கூறுகிறார். வீரம் உடையவன் அடிமையாயிருத்தல் அவர்க்கு அச்சம் விளைத்தது.

அச்சத்தின்மேற் கட்டிய கோட்டை நிலைக்கவில்லை. கி. மு. 480 இல் எண்ணாயிரம் ஸ்பாட்டர் இருந்தனர் என்கிறார் எரொதோத்தஸ். அரிஸ்டாட்டில் எழுதிய காலத்தில் ஆயிரவரும் இல்லை. நிலம் ஒருசிலர் கையிற் குவிந்தது. உணவுக் கூடத்துக்குப் பங்கு செலுத்த இயலாத வறியோர் குடியுரிமையை இழந்தனர். புதியோரைக் குடிகளாக ஏற்கவும் அந்நகர் மனங்கொள்ளவில்லை. கி. மு. 371 இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் நகரப் படையோடு பொருதபோது, களத்தில் நின்ற எழுநூறு ஸ்பாட்டருள் நானூற்றுவர் மடிந்தனர். அவ்விழப்பை ஈடுசெய்ய ஆளில்லை. அடுத்த ஆண்டின் குளிர்காலத்தில் தீப்ஸ் தளபதி எப்பமினொண்டாஸ் மெசீனியாவை விடுவித்தான். பல தலைமுறையாக அடிமைப்பட்ட மக்கள் தமக்கென ஒரு நகரம் எழுப்பினர். ஸ்பாட்டாவின் பெருமையும் அத்துடன் தளர்ந்தது.

ஸ்பாட்டர் போர் செய்யும்வரை நிலைத்தனர். ஆதிக்கம் பெற்றபின் தளர்ந்தனர். ஏனெனில் அமைதிக்காலத்தில் வாழும் வகையை அவர்கள் கற்கவில்லை என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. அதென்ஸ் நகரும் அடிமைகளை வைத்திருந்தது. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் அந்நகர் நாடகத்தையும் தத்துவத்தையும் உலகிற்கு விட்டுச் சென்றது. ஸ்பாட்டா விட்டுச் சென்றது பெரும்பாலும் தன்னைப்பற்றிப் பிறர் எழுதிய கதைகளையே.

ஒழுங்கும் உடலுறுதியும் இளைஞர்க்கு அணிகலன்கள். அதனை முதியோர் எமக்கு அடிக்கடி நினைவூட்டுவர். ஆனால், ஒழுங்கு எதற்காக, அதன் சுமையைத் தாங்குபவர் யார் என்னும் இரு கேள்விகளையும் உடன் கேட்டல் வேண்டும். தெர்மோப்பிலேயிற் கணவாயைக் காத்தவனை மதிப்போம். அவனுக்கு உணவளித்துப் பெயரின்றி மறைந்த உழவனையும் மறவாதிருப்போமாக.