ஜி.டி. நாயுடுவின் இருவர் கார்: பட்டறையும் உரிமமும்

வீட்டிலேயே கார் கட்டும் பொழுதுபோக்கு இந்தியாவில் ஏன் வேரூன்றவில்லை? திறமைக் குறைவு என எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் (1893–1974) வாழ்க்கை அவ்விடையை மறுக்கிறது.

கலங்கலில் பிறந்த அவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவை உணவகமொன்றில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அதனையே வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அவர் பயின்ற பொறியியல் அதுவே. 1920இல் பொள்ளாச்சி–பழனி வழித்தடத்தில் ஒற்றைப் பேருந்துடன் தொழில் தொடங்கிய அவர், 1952இல் ஏறத்தாழ 2,000 ரூபாயில் இருவர் அமரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். உற்பத்திக்கு அரசு உரிமம் தரவில்லை.

அந்த ஆண்டு கவனத்திற்குரியது. பெருந்தொழில்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிய 1951ஆம் ஆண்டுத் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் 1952 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. மோட்டார் வாகனமும் அதன் அட்டவணையில் இருந்தது.

பிரிட்டனின் நிலை வேறு. முழுமையான காருக்குக் கொள்முதல் வரி உண்டு; பாகங்களாக வாங்கித் தாமே பூட்டிக்கொண்டால் இல்லை. 1957இல் அறிமுகமான லோட்டஸ் செவன் அவ்வாறே பல வீட்டுக் கொட்டகைகளில் உருப்பெற்றது. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அச்சலுகை மறைந்தது.

இரு நாடுகளிலும் கைத்திறன் இருந்தது, வேறுபட்டது சட்டம். எனவே தொழில்நுட்ப வரலாற்றை ஆராயும் மாணவர்கள் பட்டறைக் கதைகளோடு அரசிதழையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.